அறுபது பேருக்கு ஒரே மெயில்

போன வாரம் விட்ட இடத்தில்தான் இன்னும் உட்கார்ந்திருக்கிறேன். நாலாவது மாடி, ஜன்னலோரம், அக்காவின் நாற்காலி. அதில் உட்காராதே என்று சொல்ல ஆளில்லை. உட்கார் என்று சொல்லவும் ஆளில்லை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. நாங்கள் டொமைன் விற்கிற குடும்பம். இணையத்தில் ஒரு கடைக்கு இருக்கிற முகவரிப் பெயரை, எல்லாப் பெயர்களையும் எழுதி வைக்கிற பதிவகத்திடம் மொத்தவிலைக்கு வாங்கிச் சின்னச் சின்னக் கடைக்காரர்களுக்குக் கொடுப்போம். கடையை ஆரம்பித்தது அண்ணன். அதை ஓட வைத்தது அக்கா. பதினாலு மாதத்துக்கு முன்னால் அண்ணன் கடைப் பத்திரத்தில் தன் பெயரை மட்டும் வைத்துக்கொண்டான். அக்கா பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். எங்களுக்கு இருந்த ஒரே போட்டிக் கம்பெனியில் மொத்தவிலைப் பிரிவுக்கே தலைவியாகப் போய் உட்கார்ந்தாள். அதற்கு நாங்கள் வைத்த பெயர் கண்ணாடிக் கட்டடம். என் ஜன்னலைத் திறந்தால் அதுதான் தெரியும். அதனால் திறப்பதில்லை.

நான் கடைசி. வீட்டில் முதல் பட்டதாரி. நான் படிக்க வேண்டும் என்று பதினேழு வயதில் அண்ணன் வேலைக்குப் போனான், அக்கா படிப்பை விட்டாள். என் பட்டத்தில் எல்லாருக்கும் பங்கு உண்டு. சண்டை வரும்போதெல்லாம் ஆளுக்கு ஒரு மூலையைப் பிடித்து இழுப்பார்கள்.

ஐந்து நாளுக்கு முன்னால் கண்ணாடிக் கட்டடத்திலிருந்து ஒரே காலையில் அறுபது மாற்றக் கோரிக்கைகள் வந்து விழுந்தன. எங்களிடம் இருக்கிற அறுபது பெயர்களைத் தங்கள் பக்கம் எழுதிக்கொள்ளப் போகிறார்களாம்.

இன்று ஐந்தாம் நாள்.

காலை எட்டரைக்கு அண்ணன் கண்ணாடி முன்னால் நின்று டை கட்டிக்கொண்டிருந்தான்.

"சரியா இருக்கா பாரு."

"கழுத்த நெரிக்கிற மாதிரி இருக்கு."

"அப்ப சரியாத்தான் இருக்கு." சிரிக்கவில்லை. "இங்க பாரு. சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பதிவகத்துல கணக்கெடுப்பு. பத்தாயிரம் பேராவது இருந்தாத்தான் நாம மொத்த வியாபாரி. நம்மகிட்ட எவ்வளவு?"

"பத்தாயிரத்து நாற்பத்தொண்ணு."

"நாற்பத்தொண்ணு பேர் போகலாம். நாற்பத்திரண்டாவது ஆள் போனா நாம சில்லறைக்கடை. அப்புறம் சரக்கு எடுக்க யார்கிட்ட போய் நிக்கணும் தெரியுமா?"

தெரியும். எதிர்ச் சாலையில் அக்காவின் மேசைக்கு முன்னால்.

"அதனால அறுபதையும் மறுத்துடு. மறுப்புன்னு ஒரு பட்டன். அறுபது தடவை அழுத்தணும். பத்து நிமிஷ வேலை."

"அது பெயருக்குச் சொந்தக்காரங்க அழுத்த வேண்டிய பட்டன் அண்ணா."

"மெயில் யாருக்கு வந்துச்சு? நமக்குத்தானே? அப்ப நாமதான் அழுத்தணும்."

இதை விளக்கியாக வேண்டும். ஒரு பெயர் கடை மாறும்போது, பழைய கடை அந்தப் பெயரின் சொந்தக்காரருக்கு ஒரு மெயில் அனுப்பும். 'போகச் சம்மதமா?' என்று கேட்கும். மறுப்பு சொல்ல ஐந்து நாள். ஐந்து நாளும் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பெயர் போய்விடும். இது தொழில் விதி. இந்த அறுபதுக்கும் கெடு இன்று மாலை ஐந்து மணி.

ஆனால் அந்த அறுபது மெயிலும் அறுபது பேருக்குப் போகவில்லை. எனக்கு வந்தன. கடை தொடங்கிய காலத்தில் வந்த சலூன்காரரிடமும் தையல்காரம்மாவிடமும் மெயில் முகவரி கிடையாது. படிவத்தில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் பதிவு ஏறாது. அண்ணன் யோசித்தான், கடையின் மெயிலைப் போட்டான். ஒருத்தருக்குப் போட்டுக் கை பழகி, அடுத்தடுத்து வந்தவர்களுக்கும் அதையே போட்டான். அக்கா அப்போதே கத்தினாள். "வேலை நடக்குதுல்ல?" என்றான். வேலை நடந்தது. இன்றைக்கு அவர்கள் எல்லாரிடமும் கைபேசி இருக்கிறது, ஆளுக்கு இரண்டு மெயில் இருக்கிறது. எங்கள் பதிவேட்டில் மட்டும் இன்னும் முகவரி இல்லாத ஜனங்கள்.

"பட்டியலைத் திருடிட்டுப் போயிருக்கா. எண்ணி அறுபது. நம்மள பத்தாயிரத்துக்குக் கீழ தள்ளணும்னே எடுத்திருக்கா" என்றான் வாசலில் நின்று. "நீ படிச்சவ. நியாயம் அநியாயம் எல்லாம் அஞ்சு மணிக்கு அப்புறம் பேசிக்கலாம்."

லிஃப்ட் அவனை இறக்கிக்கொண்டு போனது.

நாற்காலிகள் நாலு. ஆள் ஒருத்தி. வேலைக்கு இருந்த மற்ற இருவர் போன வாரம்தான் எதிர்ச் சாலைக்குப் போனார்கள், போகும்போது ஒருத்தர் தன் குவளையை மறந்துவிட்டார். அதைக் கழுவி வைத்திருக்கிறேன்.

பட்டனில் விரலை வைத்தேன். முதல் பெயர் சலூன்காரருடையது.

அழுத்தவில்லை. போனை எடுத்தேன்.

"யாரு? கத்திரி கையில இருக்கு, சட்டுனு சொல்லு."

கடையின் பெயரைச் சொன்னேன்.

"எந்தக் கடை?"

திரும்பச் சொன்னேன். எட்டு வருஷமாக அவர் பெயரை வருஷம் தவறாமல் புதுப்பிக்கிறவள் நான்தான் என்பதைச் சொல்லவில்லை.

"ஓ, அந்தப் பொண்ணோட கடையா? அது இங்க வந்துச்சே! முடி வெட்ட வந்தவங்க மாதிரி பெஞ்சுல வரிசையில உக்காந்துச்சு. நான் துண்டை உதறிட்டுக் கூப்பிட்டா, 'முடி வெட்ட வரலண்ணே, உங்க பேரைப் பத்திப் பேசணும்'னுது. பழைய அட்டையைத் தேடி எடுத்துக் குறியீட்டைப் படிச்சுக் காட்டினேன்."

அந்த அட்டை எனக்குத் தெரியும். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மாற்றுக் குறியீடு உண்டு. அது இல்லாமல் பெயரை நகர்த்த முடியாது. விற்கும்போதே அக்கா அதைக் கெட்டி அட்டையில் தன் கையால் எழுதிக் கொடுப்பாள். "வீட்டுச் சாவி மாதிரி. எங்ககிட்டயும் தராதீங்க" என்பாள். ஆக, பட்டியலை யாரும் திருடவில்லை. அட்டை வைத்திருந்தவர்கள் அவர்களாகவே படித்துக் காட்டியிருக்கிறார்கள்.

"அப்ப நீங்க போறீங்களா, இருக்கீங்களா?"

"போறேம்மா. காதுகிட்ட கத்திரி, வச்சிடறேன்."

நோட்டில் இரண்டு பத்தி. போகிறவர்கள், இருக்கிறவர்கள். போகிறவர்களுக்கு நான் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. ஐந்து மணிவரை சும்மா இருந்தால் போதும். இருக்கிறேன் என்பவர்களுக்கு மட்டும் மறுப்பை அழுத்த வேண்டும்.

அடுத்தவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்.

"மாறுறதா? எதுக்கு? மாறினா புதுசா பாஸ்வேர்டு கேப்பீங்க. இருக்கிறதே ஞாபகம் இல்ல. நான் இங்கயே இருந்துக்கறேன். ஏய்! கிளட்சு, கிளட்சு, அது பிரேக்கு!"

மறுப்பு. ஒன்று.

பதினொரு மணிக்குத் தையல்காரம்மா கிடைத்தாள். மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. நான் பேசி முடிக்கிறவரை மிதித்துக்கொண்டே இருந்து, பிறகு நிறுத்தினாள்.

"உங்கக்கா போன வாரமே வந்து கேட்டா. நீ இப்பதான் கேக்கறியா?"

"ஆமாம்மா."

"இத்தனை வருஷத்துல நீ எனக்கு எத்தனை தடவை போன் பண்ணியிருப்ப?"

"இதான் முதல் தடவை."

"போறப்பதான் உனக்கு என் நம்பர் ஞாபகம் வருது." மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. "போறேன்னு எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். கோபம் வந்தது. அவள்மேல் வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். இத்தனை வருஷம் இந்தத் திரையில் எத்தனை பெயர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லாரையும் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். ஒருத்தருக்கும் என் குரல்கூடத் தெரியவில்லை.

அண்ணன் மணிக்கொரு தரம் கூப்பிட்டான். "முடிச்சிட்டியா?" "செஞ்சிட்டிருக்கேன்." பொய்யில்லை. என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஒரு மணிக்கு அப்பா வந்தார். அப்பாவுக்கு வேலை இந்தக் கட்டடத்தின் லிஃப்டில்தான். முப்பது வருஷமாக மற்றவர்களை மேலே ஏற்றி விடுகிறார். லிஃப்டின் கதவைத் திறந்தபடி காலால் அண்டக் கொடுத்துக்கொண்டு அங்கிருந்தே கூப்பிட்டார்.

"பட்டதாரி, சாப்டியா?"

"இல்லப்பா."

"காலையிலிருந்து உங்க மாடிக்கு ஒரு ஆள் வரல. மூணாவதுக்கு வராங்க, அஞ்சாவதுக்குப் போறாங்க. நாலை யாரும் அமுக்கச் சொல்றதில்ல."

"தெரியும்பா. சத்தம் கேக்குது."

அவர் போகவில்லை. கதவு இரண்டு முறை அவர் காலில் முட்டிவிட்டுத் திரும்பியது.

"அவ வாரத்துக்கு ஒரு நாள் வருவா" என்றார்.

"யாரு?"

"யாருன்னு கேக்கறியே. கீழயே நின்னு பேசிட்டுப் போயிடுவா. ஏறு, நாலாவதுல விடறேன்னுவேன். 'வேணாம்பா, அவ கூப்பிடட்டும்'னுவா."

"பதினாலு மாசமாவா?"

"உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னா. சொல்லிட்டேன். ஆள் நிக்கிறாங்க, வரேன்."

கதவு மூடியது. சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தேன், மூடினேன். அவ கூப்பிடட்டுமாம். போனவள் யார்? நானா? விட்டுவிட்டுப் போனவளைத்தான் இருக்கிறவள் கூப்பிட வேண்டுமென்று எந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறது?

மூன்று மணிக்கு நோட்டில் போகிறவர்கள் நாற்பத்தொன்று. எல்லைக்கோட்டில் நின்றிருந்தேன். அடுத்தது ஒரு கடிகாரப் பழுதுக் கடை.

ஒரு அம்மா எடுத்தாள். கடைக்காரரிடம் பேச வேண்டும் என்றேன்.

"அவரு போயி ரெண்டு வருஷம் ஆச்சும்மா."

மன்னிப்புக் கேட்டேன்.

"கடையும் இல்ல. ஆனா அந்தப் பேரு இருக்கு. திறந்தா அவரு போட்டோ வரும். கண்ணுல அந்தச் சின்னக் கண்ணாடிய மாட்டிட்டுக் குனிஞ்சிட்டிருப்பாரு. வேலை செய்யறப்போ எடுத்தது. தினம் ஒரு தடவை திறந்து பார்ப்பேன். இருக்காரான்னு." சிரித்தாள். "உங்கக்கா வந்தாங்க, குறியீட்ட வாங்கிட்டுப் போனாங்க. கொடுத்துட்டேன். கொடுத்ததிலிருந்து மனசு ஒரு நிலையில இல்ல. ஏம்மா, நீயே சொல்லு. எங்க இருந்தா இது அணையாம இருக்கும்?"

நோட்டில் இருந்த நாற்பத்தொன்றைப் பார்த்தேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ படிச்ச பொண்ணு மாதிரி பேசற. அங்கயா, இங்கயா?"

இங்கே என்று சொல்லலாம். பொய்கூட இல்லை என்று சாதிக்கலாம். ஒரு சொல்தான். ஆனால் என் முன்னால் காலி நாற்காலிகள் மூன்று இருந்தன. புதுப்பிப்பு எச்சரிக்கைகளைப் பார்க்க ஒருத்திதான் இருக்கிறாள், அவளுக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்தால் அந்த மனிதர் போட்டோவோடு அணைந்துபோவார், எச்சரிக்கை மெயிலும் அந்தம்மாவுக்குப் போகாது, இங்கேதான் வந்து விழும்.

"அங்கம்மா" என்றேன். "அங்க இருக்கட்டும்."

"அப்ப நீ என்ன செய்வ?"

இன்று முழுக்க யாரும் கேட்காத கேள்வி. "எனக்கென்ன, இருப்பேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நாற்பத்திரண்டு என்று எழுதினேன்.

வானம் இடியவில்லை. லிஃப்ட் ஐந்தாவது மாடிக்குப் போனது.

நாலேகாலுக்குள் மீதியையும் முடித்தேன். போகிறவர்கள் நாற்பத்தைந்து, இருக்கிறவர்கள் பதினாலு. அண்ணன் கூப்பிடுவதற்கு முன் நானே கூப்பிட்டேன். மறைத்துச் செய்கிற பழக்கம் எனக்கு வேண்டாம்.

பதிவகத்தின் நடையில் நின்றிருந்தான் போல. பின்னால் பேச்சுச் சத்தம். சொன்னதும் அவன் குரல் இறங்கியது. கத்துவான் என்று போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தேன்.

"ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணியா?"

"ஆமா."

"அம்பத்தொம்பது பேருக்கும்?"

"ஆமா."

"சரி. இன்னும் நேரம் இருக்கு. கெஞ்சிக் கேக்கறேன். நாலே நாலு பேரை மறுத்துடு. போதும். நாற்பத்தொண்ணுல நின்னுடும். அந்த வாட்ச் கடையம்மாவுக்கு எங்க இருந்தா என்ன? தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியும்ல?"

"உன்னைப் படிக்க வச்சது..."

"சொல்லு. முழுசா சொல்லு. தப்புன்னு சொல்லு. எட்டு வருஷமா பாதியில நிறுத்தறியே, இன்னைக்காவது முடி."

அவன் முடிக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. அந்த டையை நான்தான் தளர்த்தியிருக்க வேண்டும். காலையில் தோன்றவில்லை.

"அம்பத்தொம்பது சொன்னியே. அறுபதாவது?" என்றான்.

"அது என் பேரு."

"அவ உன்னையும் சேர்த்துத்தான் எடுத்திருக்கா. தெரியும்ல?"

ஐந்து நாளாகத் தெரியும். நான் பட்டம் வாங்கிய அன்று அக்கா கொடுத்த பரிசு அது. என் பெயரில் ஒரு டொமைன், பின்னால் பட்டத்தின் எழுத்துகளோடு. பத்து வருஷத்துக்குச் சேர்த்து வாங்கியிருந்தாள். இன்றுவரை அதில் நான் ஒரு வரிகூட ஏற்றவில்லை. திறந்தால் 'தளம் தயாராகிறது' என்று வரும். எட்டு வருஷமாகத் தயாராகிறது.

"எல்லாம் போகட்டும். உன் பேராவது இங்க இருக்கட்டும்" என்றான் அண்ணன். அவ்வளவுதான். வைத்துவிட்டான்.

நாலு நாற்பது. திரையில் ஒரே ஒரு வரி. என் பெயர். பக்கத்தில் மறுப்பு.

ஊரையெல்லாம் தேடிப் போய்க் கேட்டிருக்கிறாள். சலூன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், தையல் மெஷின் பக்கத்தில் நின்றிருக்கிறாள். கீழே லிஃப்ட் வரை வந்திருக்கிறாள். என்னை மட்டும் கேட்கவில்லை. என் அட்டை என் பையில்தான் இருக்கிறது, நான் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. எழுதினவள் அவள். மறந்திருக்க மாட்டாள்.

நாலு ஐம்பதுக்கு அவள் எண்ணை அழுத்தினேன். பதினாலு மாதத்தில் முதல் தடவை. அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. இன்னொரு தடவை அடிக்க எனக்கு மானம் இடம் கொடுக்கவில்லை.

யாரையும் கேட்காமல் அழுத்துவதில்லை என்றுதானே காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன்? அதனால் மற்றவர்களைக் கேட்ட மாதிரியே கேட்டேன். வாய்விட்டுத்தான் கேட்டேன், அறையில் யாருமில்லை.

"போறீங்களா, இருக்கீங்களா?"

 உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை. விரல் பட்டன் மேலேயே இருந்தது. ஐந்து அடித்தது. அந்த வரி திரையிலிருந்து மறைந்தது.

பதிவேட்டில் மொத்த எண்ணிக்கை மாறியது. ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றைந்து. நாங்கள் இனி மொத்த வியாபாரிகள் இல்லை.

அண்ணனிடமிருந்து ஒரு வரி வந்தது. 'லைட்டை அணைச்சிட்டுப் போ.'

அணைக்க எழுந்தேன். அப்போது என் கைபேசி அதிர்ந்தது. மெயில். கடையின் மெயிலுக்கு வந்தது இல்லை. கல்லூரிக் காலத்தில் எனக்குக் கிடைத்த முதல் சொந்த முகவரிக்கு வந்தது. அது இருப்பதே உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும், திறந்து கொடுத்த அக்காவுக்கு.

கண்ணாடிக் கட்டடத்தின் தானியங்கிக் கடிதம். கீழே என் பெயரின் புதிய பதிவு. 'உரிமையாளர்' என்ற கட்டத்தைப் படித்தேன். என் பெயர்.

நாற்காலியில் திரும்ப உட்கார்ந்து எங்கள் பழைய பதிவை எடுத்துப் பார்த்தேன். எட்டு வருஷத்தில் ஒரு தடவையும் பார்த்ததில்லை. உரிமையாளர்: கடை. மெயில்: கடை. பரிசு வாங்கியவள் அக்கா, பதிவில் ஏற்றியவன் அண்ணன். கை பழக்கம்.

பதிவகத்தின் பொதுப் பதிவேட்டில் மற்ற நாற்பத்தைந்தையும் திறந்தேன். சலூன்காரருக்கு அவர் மெயில். தையல்காரம்மாவுக்கு அவள் மெயில். கடிகாரக்காரரின் மனைவிக்கு அவளுடையது.

அண்ணன் சொன்ன மாதிரி எங்களைக் கீழே தள்ள எண்ணி எடுத்த அறுபது இல்லை இது. எங்கள் மெயிலில் மாட்டியிருந்தவர்கள் மொத்தமே இந்த அறுபது பேர்தான். அறுபதாவது ஆள் நான்.

அதற்காக ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்தது சரியாகிவிடுமா? ஆகாது. இன்னும் கோபம் இருக்கிறது.

கடிதத்தின் கடைசி வரிக்கு வந்தேன். புது உரிமையாளர்கள் எல்லாருக்கும் போகிற வரிதான். தொழிலில் இருப்பவளுக்கு மனப்பாடம். ஆனால் யாரும் எனக்கு அனுப்பியதில்லை.

'இந்தப் பெயர் உங்களுடையதுதானா? ஆம் எனில் கீழே அழுத்துங்கள். பதினைந்து நாளுக்குள் பதில் வராவிட்டால் பெயர் நிறுத்தி வைக்கப்படும்.'

பேசாமல் இருந்தே ஐந்து நாளைக் கடத்தினேன். இந்தப் பதினைந்தை அப்படிக் கடத்த முடியாது.

விளக்கை அணைத்தேன். ஜன்னலைத் திறந்தேன். எதிரே ஏழாவது மாடியில் ஒரே ஒரு அறையில் வெளிச்சம் இருந்தது. அது அவளுடைய அறையா என்று எனக்குத் தெரியாது. இத்தனை நாளில் யாரையும் கேட்டதில்லை.

பின்னால் லிஃப்ட் ஏறுகிற சத்தம் கேட்டது. மூன்றாவதைத் தாண்டியது.

நாலில் நின்றது.